பார்க்கிங்கில் சொட்டும் ஆயில்: இடிந்த கட்டடத்தின் ஜல்லி தடுக்குமா?

மழை விட்டதும் ஆபீஸ் பார்க்கிங்கில் தேங்கிய தண்ணீரைப் பாருங்க. வானவில் மாதிரி ஒரு மினுமினுப்பு தெரியும். வண்டிகளில் இருந்து சொட்டிய ஆயில்தான் அது.

ஒரு கார் நிற்கும் இடம் சுமார் 12.5 சதுர மீட்டர். அதில் 20 மி.மீ. மழை பெய்தால் 250 லிட்டர் தண்ணீர். சிமென்ட் தரை என்றால், கிட்டத்தட்ட அத்தனையும் ஆயிலைச் சேர்த்துக்கொண்டு மழைநீர் வடிகாலுக்குப் போகும். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. நேரா ஏரிக்கோ ஆற்றுக்கோதான். டெல்லியில் என்றால் யமுனைக்கு.

இதைத் தரையிலேயே தடுக்க ஒரு வழி உண்டு: நீர் புகும் தரை.

எப்படி வேலை செய்யுது?

மேலே இடைவெளி விட்டுப் பதித்த பேவர் பிளாக், அல்லது மணலே சேர்க்காத நுண்துளை கான்கிரீட். அதன் கீழே பொடி ஜல்லி, ஜியோ டெக்ஸ்டைல் துணி, பிறகு பெரிய ஜல்லி. தண்ணீர் கீழே இறங்கிவிடும்; ஆயில் கல்லிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டிய ஆயிலை பாக்டீரியா தின்னும். பிரிட்டனின் கோவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் மாதிரித் தரை அமைத்து, அதில் ஆயில் விட்டுச் சோதித்தார்கள். 90 சதவீதத்துக்கும் மேலான ஆயில் வெளியேறும் தண்ணீரில் சேரவில்லை. பாக்டீரியாவுக்குக் காற்று, ஈரம், நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் வேணும். கடைசி இரண்டும் ஆயிலில் போதுமான அளவு கிடைக்காது. அதனால் மெதுவாகக் கரையும் உரமும் சேர்த்தார்கள்.

மறுசுழற்சி எங்கே வருது?

ஜல்லிக்காக மலையை உடைக்க வேண்டியதில்லை; இடித்த கான்கிரீட்டை நொறுக்கிச் சலித்தால் போதும். பழைய சிமென்ட் ஒட்டியிருப்பதால் அது சொரசொரப்பானது. ஆயிலும் பாக்டீரியாவும் தங்க வசதி. டெல்லி புராரியில் இடிபாட்டு மறுசுழற்சி ஆலை 2009-லேயே வந்துவிட்டது. மாநகராட்சி, அரசு ஒப்பந்தங்களில் இப்படிப்பட்ட பொருட்களை 10 முதல் 20 சதவீதம் வரை வாங்க மத்திய அரசின் 2016 விதிகள் வழி செய்தன.

சிக்கலே இல்லையா?

இருக்கு.

• கழுவாத கான்கிரீட் ஜல்லியின் தூள் துளைகளை அடைக்கும். தண்ணீரின் காரத்தன்மையையும் கூட்டும்.

• பழைய டயர் துணுக்குகள் ஆயிலை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அவற்றிலிருந்து துத்தநாகம் கசியும்.

• நம்ம ஊர் தூசிக்கு, வேக்குவம் வைத்து அடிக்கடி உறிஞ்சி எடுக்காவிட்டால் இது சாதாரணத் தரை ஆகிவிடும்.

• நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடங்களில் அடியில் தண்ணீர் புகாத ஷீட் போட்டு, நீரைக் குழாய் வழியே வெளியேற்ற வேண்டும்.

• சொட்டும் ஆயிலைத்தான் இது சமாளிக்கும். மொத்தமாகக் கொட்டினால் தாங்காது. மெக்கானிக் ஷெட், பெட்ரோல் பங்க்கில் ஆயிலைப் பிரிக்கும் தொட்டி தனியாக வேணும்.

நாம என்ன கேட்கலாம்?

பேவர் பிளாக் போட்டாலே நீர் புகும் தரை ஆகிடாது. சிமென்ட் படுகை மேல் நெருக்கிப் பதித்தால் தண்ணீர் உள்ளே போக வழியே இல்லை. உங்க அபார்ட்மென்ட்டிலோ ஆபீஸிலோ பார்க்கிங் தரை போடும்போது கான்ட்ராக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்க: கீழே என்ன ஜல்லி, கழுவியதா? இறங்கும் தண்ணீர் எங்கே போகும்? யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வாங்க?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், முதல் இரண்டும் சரியாக இருந்தும் பலன் இருக்காது.