எலும்பு கூடிவிட்டது, மனம்?

இருசக்கர வாகன விபத்தில் தொடை எலும்பு முறிந்து, 23 நாள்கள் மருத்துவமனையில் இருந்த என் அண்ணன் மகன் வீடு திரும்பியபோது, ‘பெரிய கண்டம் தப்பியது’ என்று எல்லோரும் நிம்மதியடைந்தோம். அடுத்த வாரங்களில்தான் அவனுடைய இன்னொரு காயம் தெரிந்தது. ஆம்புலன்ஸ் ஒலி கேட்டால் அவனுக்கு வியர்த்தது. இரவில் விளக்கை அணைக்கவிடவில்லை. நண்பர்கள் வந்தால் தூங்குவதுபோலக் கிடந்தான். “நடந்ததை மறந்துவிடு” என்று அறிவுரை கூறினேன். அது பிழை எனப் பின்னரே உணர்ந்தேன்.

விபத்துக்குப் பின் வரும் கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல், நிகழ்விடத்தைத் தவிர்த்தல் ஆகியவை கோழைத்தனம் அல்ல. ஆபத்து நீங்கிய பின்னும் மூளை தன் காவலைத் தளர்த்தாததன் விளைவு அது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இவை தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, உறக்கத்தையும் படிப்பையும் குலைத்தால், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறாக இருக்கக்கூடும். அதற்கு முறையான உளவியல் சிகிச்சை உண்டு, பலனும் உண்டு.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை எளியவை. பேசும்படி வற்புறுத்தக் கூடாது. பேச முன்வந்தால் தடுக்கவும் கூடாது. நிகழ்ந்த அனைத்தையும் உடனே ஒரே அமர்வில் விவரிக்கச் செய்வது இக்கோளாறைத் தடுப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மருத்துவமனையில் எல்லாவற்றையும் பிறரே முடிவு செய்திருப்பர். எப்போது குளிப்பது, யாரைச் சந்திப்பது என்பன போன்ற சிறு முடிவுகளையேனும் இளையோரிடம் திருப்பித் தர வேண்டும். கல்விக்கூடத்துக்கு முதலில் அரைநாள், பிறகு முழுநாள் எனப் படிப்படியாகத் திரும்பலாம். பெற்றோரின் பதற்றம் பிள்ளைகளையும் தொற்றும் என்பதால், பெற்றோருக்கும் ஆறுதல் தேவை.

2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. உயிர்காக்கும் ஏற்பாடு அது. ஆனால், மனக்காயம் பெரும்பாலும் அந்த 48 மணி நேரத்துக்குப் பிறகே வெளிப்படுகிறது. எலும்பைப் பரிசோதிக்க மறுநாள் குறித்துத் தரும் மருத்துவமனைகள், மனநலப் பரிசோதனைக்கும் ஒரு நாள் குறித்துத் தர வேண்டும். அதுவரை, 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை இலவசமாக அழைக்கலாம் என்றாவது சொல்லியனுப்ப வேண்டும்.

சென்ற மாதம், விபத்து நடந்த திருப்பத்தைக் கடக்கும்போது காரை நிறுத்தச் சொன்னான் அவன். சாலையோரம் நின்றோம். அவன் பேசினான். இம்முறை நான் அறிவுரை எதுவும் கூறவில்லை.