வல்லூறுக் குஞ்சின் காலில் ஏறும் வளையம்

வல்லூறு, ராஜாளி போன்ற வேட்டைப் பறவைகளை மனிதர்கள் வளர்க்கும் நாடுகளில், அவற்றின் காலில் சின்னஞ்சிறு உலோக வளையம் ஒன்றைக் காணலாம். அதன் மேல் சில எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பறவை கூண்டில் பிறந்ததா, காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதா? அதை விற்கலாமா? வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லலாமா? இத்தனை கேள்விகளுக்கும் விடை தேடும் அதிகாரிகள் முதலில் பார்ப்பது இந்த வளையத்தைத்தான்.

வளையத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வாய் திறந்திருக்கும் வளையம். இதை இடுக்கியால் அழுத்தி எந்த வயதுப் பறவைக்கும் மாட்டலாம். 1899ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த ஆசிரியர் மோர்டென்சன், ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். பறவைகள் எங்கே போகின்றன என்று அறியும் முறையான ஆய்வு அதிலிருந்து வளர்ந்ததுதான்.

இன்னொரு வகை, இணைப்போ வெட்டோ இல்லாத முழு வட்டம். கூண்டில் பிறந்த குஞ்சுக்கு மாட்டப்படுவது இது. எப்படி மாட்டுகிறார்கள்? வல்லூறுக் குஞ்சு பொரித்துப் பத்து நாள் ஆனதும், முன்விரல்கள் மூன்றையும் சேர்த்துப் பிடித்து வளையத்துக்குள் நுழைப்பார்கள். பின்விரலைக் காலோடு ஒட்டி மடக்கி, வளையத்தை மேலே தள்ளிவிட்டு, அந்த விரலை மெல்ல வெளியே எடுப்பார்கள். ஒரு நிமிட வேலைதான். ஆனால் நாள் தவறக்கூடாது. இரண்டு மூன்று நாள் முந்தினால் வளையம் கழன்று விழுந்துவிடும். பிந்தினால் பாதம் பெருத்து உள்ளே நுழையாது. வல்லூறு இனத்தில் பெண் பறவை ஆணைவிட உருவத்தில் பெரியது. ஆகவே குஞ்சின் காலைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று ஊகித்து, அதற்கேற்ற அளவில் வளையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாதம் வளர்ந்த பிறகு அந்த வளையத்தை வெட்டாமல் கழற்ற முடியாது. வளர்ந்த பறவைக்குப் புதிதாக மாட்டவும் முடியாது. சட்டம் இதை நம்புவதற்குக் காரணம் இதுவே. அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 1975ல் நடப்புக்கு வந்தது. மிகக் கடுமையான பாதுகாப்பு பெற்ற அதன் முதல் பட்டியலில் பெரிகிரின் வல்லூறு இருக்கிறது. காட்டில் பிடித்த பெரிகிரினை வணிகத்துக்காக நாடு கடத்த முடியாது. முறைப்படி கூண்டில் இனப்பெருக்கம் செய்யப்பட்டு, அடையாளமும் இடப்பட்ட பறவைக்குத்தான் அனுமதி கிடைக்கும்.

கூண்டில் வல்லூறு வளர்க்க வேண்டிய தேவை ஏன் வந்தது? அது பூச்சிமருந்தால் வந்த வினை. மலேசியத் தோட்டப்புறங்களில் வளர்ந்த மூத்தவர்கள் பலருக்கு, மலேரியாவை ஒழிக்க வீட்டுச் சுவர்களில் டிடிடி தெளித்த காலம் நினைவிருக்கும். அதே மருந்து உலகெங்கும் வயல்களிலும் கொட்டப்பட்டது. பூச்சியைத் தின்ற சிறு பறவை, சிறு பறவையைத் தின்ற வல்லூறு என்று நஞ்சு படிப்படியாக ஏறிச் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையிலேயே உடைந்தது. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் பழைய முட்டைச் சேகரிப்புகளோடு ஒப்பிட்டு 1967ல் இதை வெளியிட்டார். அதற்குள், அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பெரிகிரின் வல்லூறு கூடு கட்டுவதே நின்றுபோயிருந்தது.

1970ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் என்ற பேராசிரியர் இவற்றைக் கூண்டில் பெருக்கும் முயற்சியைத் தொடங்கினார். வல்லூறைப் பழக்கி வேட்டையாடும் கலையை அறிந்தவர் அவர். அந்தக் கலையில் ஈடுபட்ட பலரும் தங்கள் பறவைகளைக் கொடுத்து உதவினர். வேலை எளிதாக இல்லை. முட்டைகளை முதலில் எடுத்துவிட்டால், தாய்ப்பறவை சுமார் இரண்டு வாரத்தில் மறுபடியும் முட்டையிடும். எடுத்த முட்டைகள் இன்குபேட்டரில் ஏறக்குறைய 37.5 பாகை வெப்பத்தில் வைக்கப்படும். அவற்றை அடிக்கடி நிறுத்துப் பார்ப்பார்கள். பொரிப்பதற்குள் எடையில் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைய வேண்டும். குறையாவிட்டால் காற்றின் ஈரப்பதத்தை மாற்றுவார்கள். பொரித்த குஞ்சுக்கு மனிதன் நேரே உணவு ஊட்டினால், அது தன்னையும் மனித இனமாகவே எண்ணிக்கொள்ளும். வளர்ந்த பின் தன் இனத்துப் பறவையை ஏறிட்டும் பார்க்காது. ஆகவே வளர்ப்போர் பலர் வல்லூறுத் தலை போன்ற பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு இறைச்சித் துண்டை ஊட்டுகிறார்கள்.

அமெரிக்கா 1972ல் டிடிடியைத் தடை செய்தது. 1974 முதல் கூண்டில் பிறந்த குஞ்சுகள் வெளியே விடப்பட்டன. மொத்தம் 4,000க்கும் மேற்பட்டவை அப்படி விடப்பட்டன. 1999ல் அந்நாட்டின் அழியும் நிலை உயிரினப் பட்டியலிலிருந்து பெரிகிரின் நீக்கப்பட்டது. தடை இல்லாமல் கூண்டு மட்டும் இருந்திருந்தால், விடப்பட்ட குஞ்சுகளும் அதே நஞ்சைத் தின்றிருக்கும்.

தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் மொரீசியஸ் தீவில் நிலைமை இன்னும் மோசம். அங்கு மட்டுமே வாழும் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறு, 1974ல் காட்டில் நான்கே நான்குதான் எஞ்சியிருந்தது. காடழிப்பும், டிடிடியும், வெளியிலிருந்து வந்த கீரியும் குரங்கும் காரணம். 1979ல் அங்கு சென்ற கார்ல் ஜோன்ஸ், கூட்டிலிருந்து முட்டையெடுத்துப் பொரிக்க வைக்கும் அதே வழியைக் கையாண்டார். 1990களின் நடுப்பகுதிக்குள் 300க்கும் மேற்பட்ட பறவைகள் விடப்பட்டன. அவற்றுக்கு வண்ண வளையங்கள் மாட்டப்பட்டன. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வண்ணங்களைக் கலந்து மாட்டினால், பறவையைப் பிடிக்காமலே தொலைநோக்கியில் பார்த்து இன்ன பறவை என்று சொல்லிவிடலாம். எது எதோடு இணை சேர்ந்தது, எந்தக் குஞ்சு பிழைத்தது என்ற விவரமெல்லாம் இப்படித்தான் தெரியவந்தது. ஆயினும் வாழிடம் குறைவு என்பதால், 2014ல் அந்தப் பறவை மீண்டும் ஆபத்து நிலைக்கு ஏற்றப்பட்டது.

இனி வளையத்தின் பலவீனத்துக்கு வருவோம். வளைகுடா நாடுகளில் நல்ல வல்லூறுக்குப் பெரும் விலை உண்டு. ஐக்கிய அரபு சிற்றரசுகள் 2002 முதல் வல்லூறுகளுக்குக் கடப்பிதழே வழங்குகின்றன. அதில் வளைய எண்ணும் குறிக்கப்படுகிறது. விலை இருக்கும் இடத்தில் மோசடியும் புகுந்துவிடும் அல்லவா? 2010ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் விமான நிலையத்தில் துபாய்க்குப் புறப்பட்ட ஒருவர் பிடிபட்டார். வேல்ஸ் பாறைகளிலிருந்து திருடிய 14 பெரிகிரின் முட்டைகளைக் காலுறைகளில் வைத்து, உடல்சூட்டில் கெடாமல் இருக்க உடம்போடு கட்டியிருந்தார். துப்புரவுப் பணியாளர் ஒருவருக்கு ஏற்பட்ட சந்தேகமே அவரைக் காட்டிக்கொடுத்தது.

முட்டைக்கு வளையம் மாட்ட முடியாது. திருடிய முட்டையைப் பொரிக்க வைத்து, பத்தாம் நாள் முழு வளையத்தை மாட்டிவிட்டால், அது கூண்டில் பிறந்த குஞ்சு என்று தாளில் எழுதிவிடலாம். பத்து நாள் வயதில் அந்தக் குஞ்சு மனிதன் கையில் இருந்தது என்பதை மட்டுமே வளையம் சொல்லும். தாய் தகப்பன் யார் என்பதை அது சொல்லாது. அதற்கு இரத்தம் வேண்டும். தன்னிடமுள்ள பறவைகளுக்குப் பிறந்த குஞ்சு என்று ஒருவர் சொன்னால், மரபணுச் சோதனையில் அது பொருந்த வேண்டும். பிரிட்டனில் 1990களின் தொடக்கத்திலிருந்தே இந்தச் சோதனை நீதிமன்றம் வரை சென்று, கூட்டிலிருந்து திருடியவர்களைச் சிக்கவைத்திருக்கிறது. ஒழுங்காக வளர்ப்போர் இதற்கு அஞ்சுவதில்லை. எந்தத் தேதியில் முட்டையிட்டது, எப்போது பொரித்தது, எந்த எண் வளையம் ஏறியது என்று ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதி வைக்கிறார்கள்.

பர்மிங்ஹாமில் மீட்கப்பட்ட முட்டைகளில் பெரும்பாலானவை பொரித்தன. அந்தக் குஞ்சுகள் ஸ்காட்லாந்தில் காட்டு வல்லூறுகளின் கூடுகளில் சேர்க்கப்பட்டன.