குடிநீரும் மாத்திரையும்: சத்திரசிகிச்சையாற் பிள்ளை பெற்ற தாயின் வலி பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துச் சமூகத்தில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முப்பத்தொரு நாள் துடக்குக் காலமாகும். அக்காலத்தில் அவள் உண்பது, குடிப்பது, முழுகுவது, படுப்பது ஆகிய யாவும் வீட்டின் மூத்த பெண்களால் வகுக்கப்படுகின்றன. மிளகு, கொத்தமல்லி, நற்சீரகம், மஞ்சள், உள்ளி முதலியன அரைத்துச் சேர்த்த சரக்குக்கறியும், வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்து வற்றிய குடிநீரும் இப்பத்தியத்தின் இரு தூண்கள் எனலாம். இவ்வொழுங்கு வீட்டிலே மருத்துவிச்சியின் கையில் நிகழ்ந்த பிரசவத்தை ஒட்டி உருவானது. வயிறு கீறப்பட்ட உடலை அது அறிந்திருக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. 2016ஆம் ஆண்டு இலங்கையில் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி பிரசவங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சத்திரசிகிச்சை மூலம் நிகழ்ந்தது. 1985இல் உலக சுகாதார நிறுவனம் நியாயமான அளவெனக் கூறியது 10 முதல் 15 வீதமே. இப்பெருக்கத்தின் காரணங்கள் தனியே ஆராயத்தக்கவை. இங்கு எமது கவனத்துக்குரியது, புதிய காயத்தோடு வீடு திரும்பும் தாய்க்குப் பழைய பத்தியமே மாற்றமின்றி வழங்கப்படுகின்றது என்பதாகும். ஆஸ்பத்திரியில் தரப்பட்ட மாத்திரைகள் அலுமாரிக்குட் செல்ல, குடிநீர் அடுப்பேறுகின்றது. "மருந்து பாலில் இறங்கும், பிள்ளைக்குக் கூடாது" என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம்.

இந்த நியாயத்தைப் பரிசீலிக்குமுன் ஒரு சொல்லைப் பற்றிக் கூறுதல் அவசியம். கடைகளில் விற்கப்படும் பொட்டலங்களில் 'மூலிகைத் தேநீர்' என்ற பெயர் காணப்படுகின்றது. தேயிலை ஒரு தனிச் செடி. அதன் இலையில்லாத பானம் தேநீராகாது. எமது மருத்துவ மரபு இதற்கு வழங்கிய பெயர் குடிநீர் என்பதாகும். இது வெறும் பெயர்ப் பிணக்கன்று. தேநீர் எனும்போது இலையின் மேற் கொதிநீரை ஊற்றிச் சில நிமிடத்தில் வடித்தெடுக்கும் இலேசான பானமே மனக்கண்முன் தோன்றுகின்றது. குடிநீரோ எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காக வற்றக் காய்ச்சிப் பெறப்படுவது. ஒரே சரக்கு இவ்விரு முறைகளில் தரும் வீரியம் ஒன்றன்று. ஆகவே தேநீர் என்னும் பெயர், தான் அருந்துவது ஒரு மருந்து என்பதனை அருந்துபவளிடமிருந்து மறைத்துவிடுகின்றது.

சத்திரசிகிச்சைக்குப் பின்னான வேதனையும் ஒன்றன்று. முதலாவது, கீறிய காயத்தின் வலி. இரண்டாவது, கருப்பை சுருங்கும்போது எழும் வலி. குழந்தை முலையை உறிஞ்சும்போது சுரக்கும் ஒட்சிற்றோசின் கருப்பையையும் சுருங்கச் செய்வதால், பாலூட்டும் வேளையிலேயே இது மிகும். மூன்றாவது, குடல் சில காலம் இயங்காதிருப்பதால் வாயு திரண்டு வயிறு உப்புதலும் மலச்சிக்கலும். குடிநீர் ஓரளவு உதவக்கூடியது இந்த மூன்றாவதற்கே. நற்சீரகம், ஓமம், வேர்க்கொம்பு ஆகியன வயிற்று வாயுவுக்கு நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருவன. குமட்டலைத் தணிப்பதில் இஞ்சிக்கு ஓரளவு ஆய்வுச் சான்றும் உண்டு. சமையலில் இடும் அளவில் இவை தாய்க்கோ சேய்க்கோ கேடு செய்வதாகத் தெரியவில்லை. எனினும் வேளையோடு எழுந்து நடத்தலும், சூயிங்கம் மெல்லுதலுங்கூடக் குடலை விரைவில் இயங்கச் செய்வன என்பது, மூலிகையின் மகிமையை மட்டும் பேசுவோர் அறியவேண்டிய ஒன்றாகும்.

குடிநீரின் பயன் பற்றி இன்னொன்றும் கூறலாம். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தாற் காயம் ஆறாது, வயிறு வைக்கும் என்ற நம்பிக்கையால் அவளுக்குப் பச்சைத் தண்ணீர் மறுக்கப்படும் வீடுகள் உள. பாலூட்டுபவளுக்கு நீர் குறைந்தால் மலச்சிக்கல் கடுமையாகும். கட்டிலிலேயே கிடப்பவளுக்கு நீர்க்குறைவும் சேரின் காலில் இரத்தம் உறையும் அபாயம் கூடும். இத்தகைய வீடுகளில் தடையின்றி அனுமதிக்கப்படும் ஒரே திரவம் குடிநீரேயாகும். அது செய்யும் நன்மையிற் கணிசமான பங்கு அதிலுள்ள நீரின் நன்மையே எனக் கொள்ள இடமுண்டு. தடையை நீக்கினால் அந்நன்மை செலவின்றியே கிடைக்கும்.

இனி, 'பாலில் இறங்கும்' என்ற வாதத்தை நோக்குவோம். அது பொய்யன்று. ஆனால் மாத்திரைக்கு மட்டும் உரிய நியதியுமன்று. செடியிலுள்ள இரசாயனப் பொருளும் அதே குருதியினூடாக அதே பாலுக்குச் செல்லக்கூடியதே. மரமஞ்சளை எடுத்துக்கொள்வோம். சிங்கள மக்கள் வெனிவெல் என வழங்கும் இக்கொடி, கொத்தமல்லியோடு சேர்த்து அவிக்கப்படுவது. ஐந்து சரக்குகள் கொண்ட பஸ்பங்குவவிலும் இடம்பெறுவது. இதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பேர்பெரின், குருதிப் புரதத்துடன் பிணைந்துள்ள பிலிருபினை அதினின்றும் விடுவிக்கவல்லது. சிசுவின் மஞ்சட்காமாலை பிறந்து மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையான காலத்திலேயே பொதுவாக உச்சமடைகின்றது. குடிநீர் தொடங்குவதும் ஏறத்தாழ அந்நாள்களிலேதான். சிசுக்களின் மஞ்சட்காமாலை பற்றிய அச்சத்தினால் 1978இல் சிங்கப்பூர் பேர்பெரினையும் அதனைக் கொண்ட சில சீன மூலிகைகளையும் தடைசெய்தது. 2013 முதலே அத்தடை படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. தளர்த்தப்பட்டமை, அபாயம் அஞ்சிய அளவினதன்று என்பதைக் காட்டலாம். ஆயினும் குழந்தைக்கு மஞ்சள் பிடித்திருக்கும்போதோ, ஜீ6பிடி நொதிக்குறைபாடு உள்ளபோதோ தாய் மரமஞ்சளைத் தவிர்ப்பதே பொருத்தமானது. அதிமதுரம் மிகின் இரத்த அழுத்தத்தைக் கூட்டிப் பொற்றாசியத்தைக் குறைக்கும். கர்ப்பகாலத்தில் அழுத்தம் உயர்ந்து, அதன் காரணமாகவே சத்திரசிகிச்சைக்கு உள்ளானவளுக்கு இது உகந்ததன்று. பால் சுரக்கவென மிகுதியாகக் கொடுக்கப்படும் வெந்தயம் இரத்தத்திற் சீனியைக் குறைக்கக்கூடியது. நீரிழிவு மருந்து எடுப்பவள் இதனை வைத்தியரிடம் கூறல் வேண்டும். அது பாலைப் பெருக்கும் என்பதற்கான சான்றுகளும் உறுதியானவையல்ல.

மறுபுறத்தில், அலுமாரிக்குட் போன மாத்திரை யாது? பெரும்பாலும் பரசிற்றமோல்; அல்லது ஐபுபுரோபென். இவையிரண்டும் பாலில் மிகச் சிறிதளவே கலப்பன. பாலூட்டும் தாய்க்கு முதலில் தெரிவுசெய்யப்படுவன. கருப்பை சுருங்கும் வலிக்கு ஐபுபுரோபென் சிறப்பாகப் பயன்படும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உடையோர் மட்டும் வைத்தியரைக் கேட்டே எடுத்தல் வேண்டும். அச்சத்துக்கு இடமான வலிநீக்கிகளும் உள. கொடீன், திரமடோல் ஆகியவற்றைப் பாலூட்டும் தாய்மார் தவிர்க்கவேண்டுமென 2017இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஆகவே கேட்கப்படவேண்டிய வினா இயற்கையா, இரசாயனமா என்பதன்று; எந்தப் பொருள், எவ்வளவு, யாருக்கு என்பதேயாகும். இதனைக் கேட்காமல் மாத்திரையை முற்றாக விடுபவள் வலியோடு நிமிர்ந்திருக்கமாட்டாள். நிமிர்ந்திருக்க முடியாதவள் குழந்தையைச் சரியாக அணைத்துப் பாலூட்டமாட்டாள். வலியும் பதற்றமும் பால் இறங்குவதையும் தடைசெய்வன. பிள்ளைக்காகத் தவிர்த்த மருந்து பிள்ளையின் பாலையே குறைக்கின்றது.

அப்படியாயின் இத்தவிர்ப்பு ஏன் இவ்வளவு எளிதில் ஏற்கப்படுகின்றது? தாய்மை என்றால் பொறுத்தல் என்னும் கருத்துநிலையே இதற்கு அடிப்படையென நான் கருதுகிறேன். இது நேற்று முளைத்ததன்று. நற்றிணையின் 40ஆம் பாடல் ஈன்றணிமை உடைய பெண்ணொருத்தியைச் சித்திரிக்கின்றது. ஐயவியும் நெய்யும் அணிந்து நீராடிய அவள் கண்மூடித் துயில்கிறாள். தந்தையின் பெயர் தாங்கும் மகன் பிறந்தமையால் தலைவன் நள்ளிரவிற் கள்வன் போல வீடு புகுகின்றான். பேற்றுக்குப் பிந்திய பராமரிப்பு பற்றிய அருமையான சான்று இப்பாடல். ஆயினும் அங்கு நிகழ்ச்சியாவது வாரிசின் வரவே. அவளது வலி பாடலுக்குள் நுழையவில்லை. எமது விமரிசகர்கள் இப்பாடலின் நயத்தை விதந்துரைத்த அளவுக்கு இம்மௌனத்தைக் கவனித்ததாகக் கூறமுடியாது.

முற்போக்காளர் சிலரிடத்திலும் மாத்திரை என்றாற் பல்தேசியக் கம்பனி, குடிநீர் என்றால் மக்கள் மருத்துவம் என்னும் எளிய சமன்பாடு காணப்படுகின்றது. இந்நாட்டு இடதுசாரி மரபு இவ்வாறு சிந்திக்கவில்லை. 1971இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சேனக்க பிபிலேயும் சமர்ப்பித்த அறிக்கை நவீன மருந்தை நிராகரிக்கவில்லை. வர்த்தகப் பெயரை நீக்கி, மருந்தின் சொந்தப் பெயரிலே மலிவாக அதனை மக்களுக்கு வழங்க வழிகூறியது. பிரச்சினை இரசாயனத்திலன்று, உடைமையிலே இருந்தது. குடிநீர்தான் சந்தைக்கு வெளியே நிற்கின்றதா? கொத்தமல்லி பெரும்பாலும் இறக்குமதியாவது. 2020இல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அதன் விலை பன்மடங்கானதை எவரும் மறந்திருக்கமாட்டார். பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கும் கூட்டைச் சரக்கு என்கிறோம். மார்க்சியத் தமிழ் எழுத்துக்களிற் சந்தைக்காக உற்பத்தியாகும் பொருளுக்கும் சரக்கு என்றே பெயர். இன்று அம்மியிலிருந்து பொட்டலத்துக்குப் போய்விட்ட அக்கூட்டுக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன.

அம்மியில் அரைத்தவர் யார் என்பதும் முக்கியம். தாய், மாமியார், அயற்பெண் என ஒருவர் ஒரு மாதம் பக்கத்திலிருந்து அவித்துத் தந்தபோது, குடிநீரோடு ஓய்வும் வந்து சேர்ந்தது. பொட்டலம் ஓய்வைத் தராது. தனியார் துறையில் மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள் மட்டுமே விடுமுறை என்றிருந்த விதி 2018இல் திருத்தப்பட்டு 84 நாளாயிற்று. நாட்கூலிக்கு வேலை செய்பவளுக்கு அத்திருத்தத்தாற் கிடைத்தது சொற்பமே. காயம் ஆறுமுன் தண்ணீர்க் குடம் தூக்குபவளுக்கு எந்த வேரும் ஈடுசெய்யாது.

முதற் பத்து நாள்களுக்குள் வீடு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம், அவித்துக் குடிப்பது இன்னதென்று சரக்கையே எடுத்துக் காட்டுவது நல்லது. அவர் கேட்காவிடினும் காட்டலாம். காய்ச்சல், காயம் சிவந்து சீழ் வடிதல், துர்நாற்றம், மிகுந்த உதிரப்போக்கு, ஒரு காலில் வீக்கமும் நோவும், மூச்சுத்திணறல், தணியாத தலையிடி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுப்பை மூட்டிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லல் வேண்டும். குழந்தை பாலுக்கு எழும்பாது தூங்கினாலோ அதன் கண்ணும் காலும் மஞ்சளித்தாலோ அதனையும் அன்றே கொண்டுசெல்லல் வேண்டும். துடக்குக் கழியட்டும் என்று காத்திருக்கலாகாது.