சுருட்டை மயிரின் இயல்பும் பராமரிப்பும்

பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்கும் சிறுவர் சிறுமியரின் தலைகளை உற்று நோக்கினால், எல்லோருக்கும் ஒரே வகையான மயிர் அமைந்திருக்கவில்லை என்பது புலனாகும். சிலருக்கு அது நேராகப் படிந்திருக்கும். சிலருக்கு அலையலையாய் நெளிந்திருக்கும். வேறு சிலருக்குச் சுருள் சுருளாகத் திரண்டு நிற்கும். முதல் இரு வகைகளும் நம் நாட்டில் பரவலாக உள்ளன. இறுகச் சுருண்ட மயிரை அந்தமான் தீவுகளின் ஆதிகுடிகளிடத்தும், கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்திலும் குஜராத்திலும் வாழும் சித்தி மக்களிடத்தும் காணலாம்.

சுருட்டை மயிருள்ள குழந்தையைப் "பரட்டைத் தலை" என்று பழிப்பதும், தலை வாராமல் வந்ததாகக் கருதிக் கடிந்து கொள்வதும் உண்டு. ஆனால் சுருள் என்பது கவனக் குறைவின் விளைவன்று, உடலமைப்பின் விளைவே.

மயிரின் அமைப்பு

மயிர் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. வெளியே தெரியும் பகுதிக்கு உயிரில்லை. தோலினுள் புதைந்துள்ள மயிர்க்காலிலேயே அது மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வீதம் வளர்கிறது. மயிர்க்கால் நேராக அமைந்திருப்பின் மயிரும் நேராக வளரும். வளைந்திருப்பின் மயிரும் வளைந்தே வெளிவரும். குறுக்கே வெட்டிப் பூதக்கண்ணாடிக் கருவியில் நோக்கினால், நேர்மயிர் ஏறத்தாழ வட்டமாகவும், சுருட்டை மயிர் தட்டையான நீள்வட்டமாகவும் தோன்றும். இவ்வியல்பு பெற்றோர் வழி வருவது. சீப்பினாலோ தைலத்தினாலோ மயிர்க்காலின் வடிவத்தை மாற்ற இயலாது.

கெராட்டின் இழைகளை இரு வகைப் பிணைப்புகள் இணைத்து நிற்கின்றன. கந்தகப் பிணைப்புகள் உறுதியானவை. ஹைட்ரஜன் பிணைப்புகளோ நீர் பட்டவுடன் அவிழ்ந்து, உலர்ந்ததும் மீண்டும் அமைபவை. மழைக்காலத்தில் சுருட்டை மயிர் உப்பிப் பறப்பதற்கும், நனைத்து வாரிய மயிர் சற்று நேரத்தில் பழைய வடிவத்தை அடைவதற்கும் இதுவே காரணம்.

காற்றின் ஈரத்தால் மயிர் நீளும் இயல்பைக் கொண்டு, ஜினீவா நகரத்து விஞ்ஞானி சோஸூர் 1783-ஆம் ஆண்டில் ஈரமானி ஒன்றை விளக்கி நூல் வெளியிட்டார். முற்றிலும் உலர்ந்த காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்கு மாறும்போது, மயிரின் நீளம் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு கூடும். நீண்ட மயிர் ஒன்றைச் சோப்பால் கழுவி, எண்ணெய்ப் பசை போக்கி, இலேசான முள் ஒன்றுடன் இணைத்து, இக்கருவியை ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

வெயிலுக்கு ஒரு கவசம்

சுருளுக்குப் பயனும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக் கழகத்தினர் பங்கு கொண்ட ஆராய்ச்சி ஒன்று 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வெப்பமூட்டப்பட்ட மனித உருவப் பொம்மைக்கு வெவ்வேறு வகைப் பொய்மயிர்களை அணிவித்து, சூரிய ஒளிக்கு ஒப்பான விளக்கொளியில் அளந்தனர். எல்லா வகை மயிரும் தலையை வெயிலினின்று காத்தன. இறுகச் சுருண்டதே அவற்றுள் மிகுதியாகக் காத்தது.

பராமரிக்கும் முறை

தலைத்தோலில் ஊறும் எண்ணெய் நேர்மயிரின் வழியே எளிதில் நுனிவரை இறங்கும். சுருள்களின் வழியே எளிதில் இறங்குவதில்லை. ஆதலால் சுருட்டை மயிரின் நுனி வறண்டு விடும். வளைவுகள் ஒன்றோடொன்று பின்னிச் சிக்காகும். இழுத்து வாரினால் அவ்விடங்களில் ஒடியும். பராமரிப்பு முறைகள் யாவும் இவ்விரு உண்மைகளையே அடிப்படையாகக் கொண்டவை.

1. நாள்தோறும் சோப்பிட வேண்டுவதில்லை. பெரும்பாலோர்க்கு வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை போதும். காரம் மிக்க சோப்பு மயிரின் மேற்செதில்களைத் தூக்கிச் சொரசொரப்பாக்கும்.

2. குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவுவது நன்று. அது மயிரினுள் ஊடுருவி, புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ஆம் ஆண்டில் வெளியான இந்திய ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. கனிம எண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் இப்பயன் காணப்படவில்லை.

3. உலர்ந்த சுருளை வாரலாகாது. ஈரமாகவோ எண்ணெய்ப் பசையுடனோ இருக்கும்போது, பல் அகன்ற சீப்பினால் நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக வேரை நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும்.

4. துண்டால் முறுக்கித் தேய்க்காமல் ஒற்றி உலர்த்த வேண்டும்.

5. இறுக்கிப் பின்னலாகாது. இடைவிடாத இழுப்பினால் நெற்றியோரத்து மயிர்க்கால்கள் நலிந்து, நாளடைவில் மயிர் முளைக்காமலே போகக்கூடும். இரட்டைப் பின்னலை விதியாகக் கொண்ட பள்ளிகள் தளர்ந்த பின்னலை அனுமதித்தல் தகும்.

மயிரை நேராக்கும் மருந்துகளில் எச்சரிக்கை தேவை. சிலவற்றில் உள்ள கடுங்காரம் தோலையும் கண்ணையும் சுட்டுப் புண்ணாக்கும். வேறு சில, சூடேற்றும்போது பார்மால்டிஹைடு ஆவியை வெளியிடும். இப்பொருள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என 2004-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முடிவு செய்தது.

களப்பணியாளர் காண வேண்டிய அறிகுறி

சுருள் நோயன்று, ஆனால் சுருள் காரணமின்றி மறைவது நோயின் அறிகுறியாகலாம். சுருட்டை மயிருள்ள குழந்தையின் மயிர் மெலிந்து, நேராகி, செம்பட்டை நிறமடைந்து, இலேசாக இழுத்தாலே கையோடு வருமாயின், அதை அழகென்று கருதி மகிழலாகாது. சிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் (இன்றைய கானாவில்) கண்டு 1933-ஆம் ஆண்டில் விவரித்த குவாஷியோர்க்கர் என்னும் கடும் ஊட்டக்குறைவு நோயில் இம்மாறுதல் காணப்படும். உணவு ஒரு காலம் குறைந்தும் மறுகாலம் தேறியும் வந்த குழந்தையின் மயிரில் வெளிறிய பட்டையும் கரிய பட்டையும் மாறி மாறித் தோன்றுவதும் உண்டு.

இத்தகைய குழந்தையின் இரு பாதங்களையும் கட்டை விரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்க்க வேண்டும். விரலை எடுத்த பின்னும் இரு பாதங்களிலும் குழி நிற்குமானால், காலந்தாழ்த்தாது ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் அவசியம். வீக்கம் இல்லாவிடினும், எடையையும் மேற்கைச் சுற்றளவையும் அளந்து பார்த்தல் வேண்டும்.

ஆகவே, பிறவியிலேயே சுருண்ட மயிரைக் கண்டு குறைகூற வேண்டுவதில்லை. அது மாறும்போது மட்டும் காரணத்தை ஆராய வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்த ஆசிரியரும் பணியாளரும் குழந்தையை வீண் பழியினின்றும் மறைந்து நிற்கும் நோயினின்றும் காக்க வல்லவராவர்.