பெரியபாளையத்தைச் சுற்றிப் புதைபடிவம் தேடுதல்

பெரியபாளையம் ஆரணி ஆற்றங்கரை ஊர். ஆற்றின் இருபுறமும் தடித்த வண்டல் மூடியிருப்பதால், ஊருக்குள் கிணறு வெட்டினால் மணலும் களியுமே வரும். ஆனால் மேற்கே ஊத்துக்கோட்டை, சத்தியவேடு பக்கம் நகர்ந்தாலும், தெற்கே பூண்டி, ஆவடி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இறங்கினாலும் அந்த வண்டலுக்கு அடியிலுள்ள மிகப் பழைய படிவுப் பாறைகள் ஆங்காங்கே தலைகாட்டும். டைனோசர் காலத்து இலைகளின் பதிவுகள் அவற்றில் கிடைக்கின்றன. சென்னைக்கு இவ்வளவு அருகில் இப்படியொரு இடம் இருப்பது பலருக்குத் தெரியாது.

இறந்த உயிரினத்தின் உடலோ அதன் தடமோ மண்ணில் புதைந்து, காலப்போக்கில் பாறையோடு பாறையாகிவிட்டால் அது புதைபடிவம். மரம் கல்லாகலாம், சிப்பி அழிந்து அதன் அச்சு மட்டும் நிற்கலாம், இலை மக்கிப்போய் அதன் நரம்பமைப்பு களியில் பதிந்திருக்கலாம். சென்னைப் பகுதியில் பெரும்பாலும் கிடைப்பது இலைப்பதிவுதான்.

இலைப்பதிவுகளைத் தாங்கும் அடுக்குகளை நிலவியலாளர்கள் ஸ்ரீபெரும்புதூர் படிவுகள் என்கிறார்கள். வெண்மை, இளமஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில், தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும் களிப்பாறை இது. தொடக்க கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தது; அதாவது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கும் 14.5 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது. இதன் மேல் சத்தியவேடு படிவுகள் எனப்படும் மணற்கல்லும் கூழாங்கல் திரளும் படிந்துள்ளன.

அக்காலத்தில் இந்தியா அன்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்துகொண்டிருந்தது. இன்றைய கிழக்குக் கடற்கரை புதிதாக உருவாகிக்கொண்டிருந்தது. இங்குள்ள பதிவுகளில் பெரணிகள், ஊசியிலை மரங்கள், சைக்கஸ் செடியை ஒத்த டிலோஃபில்லம் ஆகியவை அடிக்கடி காணப்படுகின்றன. சில அடுக்குகளில் அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரியின் எச்சங்களும், கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்ணுயிரிகளின் கூடுகளும் கிடைத்துள்ளன. கரையோரக் காட்டின் இலைகள் ஆழமற்ற கடல்நீரில் விழுந்து சேற்றில் புதைந்தன என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட் 19-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியின் பாறைகளை விரிவாக ஆராய்ந்தார். சேகரிக்கப்பட்ட தாவரப் பதிவுகளை ஒட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் 1879-இல் வகைப்படுத்தி வெளியிட்டார். ஃபூட்டின் பெயர் இன்று கற்கால ஆய்வுக்காகவே அதிகம் பேசப்படுகிறது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்த அவர், அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்னும் கற்கால இடத்தையும் கண்டறிந்தார். கற்கருவி மனிதன் செய்த பொருள்; அது புதைபடிவம் ஆகாது. இங்கே இரண்டும் அடுத்தடுத்த இடங்களில் கிடைப்பதால் தேடுபவர் வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

பாறையை அடையாளம் காண்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் அத்திரம்பாக்கமே சான்று. அங்கே அடியில் கிடந்த சாம்பல் நிறக் களி அடுக்கு நெடுங்காலம் கிரெட்டேசியஸ் களிப்பாறை என்றே கருதப்பட்டது. 1999-இல் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் தலைமையில் ஷர்மா மரபுக் கல்வி மையம் தொடங்கிய அகழாய்வில் அந்தக் களிக்குள்ளேயே கற்கருவிகள் வெளிப்பட்டன. விலங்குப் பற்களின் புதைபடிவங்களும் கிடைத்தன. அங்குள்ள பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. பல கோடி ஆண்டுப் பழமை உடையதாக எண்ணப்பட்ட களி, பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது மட்டுமே என்றானது. கிடைத்த பொருளைக் காட்டிலும் அது எந்த அடுக்கில் இருந்தது என்ற செய்தியே காலத்தைச் சொல்கிறது.

கடற்கரைப் பக்கம் கதை வேறு. பழவேற்காட்டைச் சுற்றி மண்ணுக்கடியில் கிடைக்கும் சிப்பிகள் பெரும்பாலும் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை. கடல் இன்றைவிட உள்ளே வந்திருந்த காலத்தின் எச்சங்கள் அவை. இன்னும் முழுதாகக் கல்லாகவில்லை.

இப்பகுதியில் பாறை தானாக வெளியே தெரியும் இடங்கள் குறைவு. கிணற்று மேட்டில் கொட்டிய மண், ஏரி தூர்வாரிய கரை, சாலைக்காக வெட்டிய சரிவு, கைவிடப்பட்ட குவாரி ஆகியவைதான் ஆர்வலருக்கு வாய்ப்பானவை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தொழிற்சாலைக்காகத் தோண்டும் அடித்தளக் குழியிலும் அடுக்குகள் தெளிவாகத் தெரியக்கூடும். கான்கிரீட் போட்டதும் அவை மறைந்துவிடும். மழைக்காலம் முடிந்த பின் தேடுவது நல்லது. மேல்மண் அரித்துப் புதிய பரப்பு வெளிப்பட்டிருக்கும். பதிவின் மேடுபள்ளம் மிக மெல்லியது என்பதால் காலை, மாலைச் சாய்வெயிலில்தான் நன்றாகத் தெரியும்.

சிறு சுத்தியல், தட்டை உளி, உருப்பெருக்கிக் கண்ணாடி, பழைய செய்தித்தாள், குறிப்பேடு, கைப்பேசி ஆகியவை போதும். களிப்பாறையை அதன் ஏடு வாக்கில் பிளக்க வேண்டும். பிளந்த இரு பரப்புகளில் இலைப்பதிவு ஒன்றில் மேடாகவும் மற்றொன்றில் பள்ளமாகவும் அமையும். இரண்டையும் சேர்த்தே வைக்க வேண்டும். நீரில் கழுவினால் மென்களிப்பாறை கரைந்துவிடும். மென்தூரிகையால் தூசி தட்டுவதே போதும். எடுப்பதற்கு முன் ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தரையிலிருந்து ஆழம், மேலும் கீழும் உள்ள அடுக்குகளின் நிறம், தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாத கல் அலமாரி அழகுக்கு மட்டுமே உதவும்.

கண்ணை ஏமாற்றும் கற்களும் உண்டு. மாங்கனீசு கலந்த நீர் பாறை வெடிப்பில் ஊறிப் பரவும்போது செடி போலக் கறுப்புக் கிளைகள் படரும். இலையில் இருக்கும் ஒழுங்கான நரம்பும் நடுத்தண்டும் அதில் இருக்காது. செம்பூராங்கல்லின் குழாய் போன்ற துளைகளும் இரும்புச் சத்து திரண்ட உருண்டைகளும் எலும்பு, முட்டை என்று தவறாக எண்ணப்படுவதுண்டு.

பட்டா நிலமானால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். இயங்கும் குவாரிக்குள்ளும் செங்குத்தான மண்சுவரின் அடியிலும் நிற்பது உயிருக்கு ஆபத்து. அத்திரம்பாக்கம் போன்ற பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் எதையும் தோண்டவோ எடுத்துச் செல்லவோ கூடாது. பழம்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நிலவியல் மரபிடங்களுக்கும் புதைபடிவங்களுக்கும் தனிச் சட்டம் கொண்டுவரும் வரைவை மத்திய அரசு 2022-இல் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது.

முதலில் பார்த்துப் பழக விரும்புவோருக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் பூண்டியிலுள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகமும் அருகில் உள்ளன. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையின் கல்மரங்களும், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரமும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்கள். அங்கே பார்க்கலாம், பெயர்க்கக் கூடாது. புதிதாக ஏதேனும் தென்பட்டால், படத்தையும் குறிப்பையும் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகத்துக்கோ சென்னைக் கல்லூரி, பல்கலைக்கழகங்களின் நிலவியல் துறைக்கோ கொண்டு சேர்க்கலாம். எலும்பு, பல், பெரிய மரத்தண்டு போன்றவை என்றால் கையால் தொடாமல் அப்படியே விட்டுத் தகவல் சொல்வதே முறை.