பழைய சிம்னி பானையை ஈசிஆர் வீட்டில் வைக்கலாமா? வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

'சிம்னி' என்றதும் இன்று நினைவுக்கு வருவது கேஸ் அடுப்புக்கு மேலே தொங்கும் எலெக்ட்ரிக் பெட்டி. பாட்டி காலத்தில் அது மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடி. பின்டரெஸ்டில் வீட்டுப் படங்களைப் புரட்டினால் மூன்றாவதாக ஒன்று கண்ணில் படும்: கூரை உச்சியில் கிரீடம் வைத்ததுபோல நிற்கும் சுட்ட மண் குழாய். சிலர் அதைத் தோட்டத்தில் நிறுத்திச் செடியும் வைத்திருப்பார்கள். கோவளம், திருவிடந்தை, மாமல்லபுரம் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு 'நம்ம வீட்டிலும் ஒன்று வைத்தால் என்ன?' என்று ஆசை வருவது இயல்புதான்.

இந்தப் பானைக்கு என்ன வேலை?

சூடான காற்று லேசானது, மேலே ஏறும். புகைக்கூண்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு நன்றாகப் புகையை இழுக்கும். செங்கல்லை மேலும் மேலும் அடுக்குவதற்குப் பதிலாக உச்சியில் ஒரு மண் குழாயைப் பொருத்திவிட்டால் குறைந்த செலவில் உயரம் கிடைக்கும், காற்று புகையைக் கீழே தள்ளுவதும் குறையும். நிலக்கரி எரித்த இங்கிலாந்தில் 18, 19-ம் நூற்றாண்டுகளில் இது பரவியது. 1952-ல் லண்டனை நச்சுப் புகைமூட்டம் சூழ்ந்தது. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்த பிறகு வீடுகளில் நிலக்கரி அடுப்புகள் குறைந்தன. வேலையிழந்த பானைகள் கூரையிலிருந்து இறங்கிப் பழைய சாமான் கடைகளுக்கு வந்தன.

தமிழ்நாட்டில் கணப்பு அடுப்பும் சிம்னியும் உள்ள பழைய பங்களாக்களைப் பார்க்க ஊட்டி, குன்னூர், கொடைக்கானல்தான் போக வேண்டும். செங்கல்பட்டு வெயிலில் கணப்புக்கு என்ன வேலை? சமவெளி வீடுகளில் சமையலறைக்கு மேல் சின்னதாக ஒரு செங்கல் புகைக்கூண்டு இருக்கும், இல்லையென்றால் ஓட்டு இடுக்கு வழியாகவே புகை போய்விடும். கேஸ் வந்ததும் அந்தக் கூண்டுகளுக்கும் வேலை போய்விட்டது.

அப்போ இங்கே எதைத் தேடுவது?

அசல் இங்கிலாந்துப் பானைக்காக அலைவதைவிட, அதே குடும்பத்தைச் சேர்ந்த நம்ம ஊர்ப் பொருள்களைத் தேடுவது புத்திசாலித்தனம். 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அதன் வழியில் வந்த ஆலைகள் தட்டை ஓடு மட்டும் செய்யவில்லை. முகட்டு ஓடு, காற்றுப் போக்கி ஓடு, கூரை நுனியில் வைக்கும் மண் கலசம் எல்லாம் செய்தன. பழைய ஓட்டு வீடு இடிபடும் இடத்தில் இவை கிடைக்கும். ஓட்டின் பின்பக்கம் ஆலையின் பெயர் பதிந்திருக்கும், அதைப் பார்த்தே எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். தூண், கதவு, நிலை என்று தேடுகிறவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறார்கள்.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. செட்டிநாட்டில் ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். பராமரிக்க முடியாமல் விற்கிறார்கள், வீடு துண்டு துண்டாகக் கடைக்கு வருகிறது. தேவை கூடினால் இடிப்பதே லாபம் என்றாகிவிடும். ஈசிஆரில் முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இதற்கு மாற்று வழி காட்டுகிறது. இடிபட இருந்த பழைய வீடுகளை வாங்கி, பிரித்து, கொண்டுவந்து, முழு வீடாகவே திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். எந்தப் பொருள் எந்த இடத்தில் எதற்காக இருந்தது என்று அங்கே புரியும். கடைக்குப் போகும் முன் ஒரு சனிக்கிழமையை அங்கே செலவழிப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த, 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள பொருளும் தொல்பொருளே. அதை வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்குப் பரிசாக அனுப்பலாம் என்று நினைத்தால் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ள நேரிடும். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். 'அதெல்லாம் எதுக்கு சார்?' என்று கடைக்காரர் மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். கோயிலிலிருந்து வந்தது போலத் தெரியும் கல்லோ மரமோ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மாமல்லபுரத்தில் மனை என்றால் இன்னொன்றும் உண்டு. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். புகைக்கூண்டு கட்டுவதையும் பிளானில் காட்டிவிடுவது நல்லது.

கடல் காற்றுக்குத் தாங்குமா?

இதுதான் பெரிய கேள்வி. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்துக்கு அருகில்தான். இரண்டு மூன்று அடி உயர மண் பானையை ஒரே ஆள் தூக்குவது சிரமம். அது மொட்டை மாடியிலிருந்து கீழே வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அழகுக்காகச் சும்மா சிமென்ட் பூசி நிறுத்துவது ஆபத்து. கூரையில்தான் வேண்டும் என்றால், பானையின் அடிப்பகுதி செங்கல் கூண்டுக்குள் நன்றாக இறங்கிப் பதிந்திருக்க வேண்டும். இன்ஜினியரிடம் கேட்காமல் ஏற்றக் கூடாது. உள்ளே கட்டும் கம்பி துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். உப்புக் காற்றில் சாதா இரும்பு துருப்பிடித்து, ஊதி, மண்ணைப் பிளந்துவிடும்.

வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று மணிபோல ஒலித்தால் நன்றாகச் சுட்டது, விரிசலும் இல்லை. மொத்தையாகக் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்பு ஏறியிருக்கிறது. நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். அப்படியும் பொடி திரும்பத் திரும்பப் பூத்தால் அந்தப் பானை வெளியில் நிற்க லாயக்கில்லை.

தோட்டத்தில் செடி வைப்பதாக இருந்தால் இவ்வளவு கவலை வேண்டாம். சிம்னி பானைக்கு இரு பக்கமும் திறப்பு உண்டு. அடியைச் சிமென்ட் போட்டு அடைத்துவிட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிடும். அப்படியே மண் தரையில் நிறுத்தி, அடியில் ஜல்லி போட்டு மண் நிரப்பினால் போதும். ஏற்றிவரும்போது டெம்போவில் படுக்கப் போடாமல் நிறுத்தி, வைக்கோலைச் சுற்றிலும் திணித்துக் கட்டச் சொல்லுங்கள். வாய் விளிம்புதான் முதலில் உடையும்.