பீட்டில்ஸைப் பின்னுக்குத் தள்ளிய சிங்கப்பூர் இசைத்தட்டு - தெரியுமா?

1964ஆம் ஆண்டு. உலகமே பீட்டில்ஸ் பாட்டில் மயங்கிக் கிடந்த நேரம்.

சிங்கப்பூர்ப் பாடல் பட்டியலில் அவர்களின் "ஐ ஷுட் ஹேவ் நோன் பெட்டர்" முதலிடத்தில் இருந்தது. அதைக் கீழே இறக்கியது யார் தெரியுமா? நம்ம ஊர் 'தி குவெஸ்ட்ஸ்' குழு!

"ஷாண்டி" என்பது அந்த இசைத்தட்டின் பெயர். உள்ளூர்க் குழு ஒன்று முதலிடம் பிடித்தது அதுவே முதல்முறை.

யார் இவர்கள்?

குவீன்ஸ்டவுன் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி மாணவர்கள் 1961இல் தொடங்கிய குழு இது. பள்ளிச் சஞ்சிகையின் பெயரையே குழுவுக்கும் வைத்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டனின் கிளிஃப் ரிச்சர்டும் 'தி ஷாடோஸ்' குழுவும் ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் இசை நிகழ்ச்சி படைத்தனர். அதற்குப் பிறகு தீவெங்கும் கிட்டார் குழுக்கள் முளைத்தன.

அமெரிக்க இளையர்கள் வீட்டுக் கார் கொட்டகையில் வாசித்துப் பழகியதால் 'கராஜ் ராக்' என்ற பெயர் வந்தது. இங்கே எத்தனை வீட்டில் கார் கொட்டகை இருந்தது? கிடைத்த இடத்தில்தான் பயிற்சி. ஆனால் துடிப்பு ஒன்றுதான்.

ஏன் முக்கியம்?

"ஷாண்டி"யில் பாடல் வரிகளே இல்லை. கிட்டாரும் டிரம்ஸும்தான். தமிழோ மலாயோ சீனமோ ஆங்கிலமோ, எந்த மொழி பேசினாலும் ரசிக்கலாம்.

அந்த ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் இனக்கலவரங்கள் சிங்கப்பூரை உலுக்கின. அதே ஆண்டில் சீனர்களோடு மேடையேறினார் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ரெஜி வர்கீஸ். 1964இல் குழுவில் சேர்ந்த அவர்தான் முதன்மை கிட்டார் கலைஞர்.

கிட்டார் மோகம் ஆங்கிலப் பாட்டோடு நிற்கவில்லை. மலாய் இளையர்களிடம் அது 'பாப் ய ய' இசையானது. தமிழிலும் அதே 1964இல் வெளிவந்த "காதலிக்க நேரமில்லை" படத்தில் விஸ்வநாதன்-ராமமூர்த்தி இரட்டையர் ட்விஸ்ட் தாளத்தில் பாட்டுப் போட்டார்கள்.

பிறகு என்ன ஆச்சு?

1970களில் நீளமுடிக்கு எதிரான இயக்கம் வந்தது. இளையர்கள் கூடிய 'டீ டான்ஸ்' நிகழ்ச்சிகளும் மறைந்தன. குழுக்களுக்கு மேடை குறைந்தது.

"உள்ளூர்ப் பாட்டை யார் கேட்பாங்க?" என்ற கேள்வி இன்றும் காதில் விழும். தேக்காவிலோ தெம்பனிசிலோ கிட்டாரோடு ஒரு பையனைப் பார்த்தால், "ஷாண்டி" கதையைச் சொல்லுங்கள்.